மேட்டைத் தூக்கினா மேட்டர் தெரியும்!

பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள். முதலில் எங்கே பார்ப்பீர்கள்? பெயின்ட்? சீட்? பானெட்டைத் தூக்கி இன்ஜின்? எல்லாரும் அங்கேதான் பார்ப்பார்கள். விற்கிறவருக்கும் அது தெரியும். அதனால் அதையெல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். நீங்கள் கொஞ்சம் குனியுங்கள் பாஸ். காலுக்குக் கீழே கிடக்கிற மேட்டைத் தூக்குங்கள். காரோட ஜாதகம் அங்கேதான் இருக்கிறது!

இந்தப் பாடத்தை நான் படித்தது காலேஜில் இல்லை. வெள்ளகோவிலில்.

"வெள்ளகோவிலா? கரூர் போகிற வழியில பஸ் நிக்குமே, அந்த ஊரா?" என்று கேட்கிறீர்கள்தானே. அதே ஊர்தான். டீ குடித்துவிட்டு எல்லாரும் கடந்து போகிற ஊர். இந்த வாரம் அங்கே இறங்கிப் பார்ப்போம், வாங்க.

ஸ்டார்ட்டிங் பாயின்ட்: கோயம்புத்தூர்

கார் பைத்தியம் பிடித்தவர்களுக்கு கோவைதான் கோவில். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். 2005-ல் களம் இறங்கினார். அவருக்கும் முன்னால் எஸ்.கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் காரை உருவாக்கி, 'ஃபார்முலா மாருதி' என்ற பெயரில் 1988-ல் ஓடவிட்டார். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வெள்ளகோவில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவினாசி ரோட்டில் ஓர் எட்டு போட்டுவிடுங்கள். ஜி.டி.நாயுடு பெயரில் இயங்கும் அறக்கட்டளை வளாகத்தில் 'ஜி.டி. கார் மியூசியம்' இருக்கிறது. 2015-ல் திறந்தது. உள்ளே 1886-ம் வருஷத்து பென்ஸ் மூன்று சக்கர வண்டி நிற்கும். உலகத்தின் முதல் கார் என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அதே வண்டி. ஆனால் அது நகல். அசலைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தது. அதனால் யாராவது கோபித்துக்கொண்டு வெளியே போகிறார்களா? இல்லையே! நகல் என்று தெரிந்துதான் வாயைப் பிளந்து பார்க்கிறோம். இந்த பாயின்ட்டை மனசில் போட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கரூர், திருச்சி வண்டி எது வந்தாலும் ஏறலாம். ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள். சூலூரில் விமானப்படைத் தளம், பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணைகள், இடையிடையே சும்மா சுற்றிக்கொண்டிருக்கிற காற்றாலைகள். காங்கயம் நெருங்கினால் கொப்பரைக் களங்கள். தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்கிற வாசம் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். இவ்வளவு வெயில் இருந்தால்தான் கொப்பரை காயும். அந்த வெயில்தான் நம் கதைக்கும் முக்கியம்.

காங்கயம் தாண்டி அரை மணி நேரம். வெள்ளகோவில்! 2009-ல் திருப்பூர் மாவட்டம் வரும்வரை இது ஈரோட்டோடு இருந்த ஊர். மெயின் ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே போங்கள். டடக் டடக் என்று விசைத்தறிச் சத்தம். சீசனில் வந்தால் மூட்டை மூட்டையாக முருங்கைக்காய் லாரி ஏறுவதைப் பார்க்கலாம். மழை குறைந்த, காய்ந்த பூமி. கடல் காற்று கிடையாது. கார் தகரத்துக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஷெட்டுக்குள்ளே ஒரு ஹெரால்டு

நண்பனின் நண்பன் ஒருவன், மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவன், "எங்க அப்பாரு வண்டிய எடுத்து ஓட்டப் போறனுங்... வந்து பாருங்" என்று கூப்பிட்டிருந்தான். (அப்பாரு என்றால் கொங்கு நாட்டில் அப்பாவோட அப்பா.) ஊருக்கு வெளியே ஒரு டிங்கரிங் ஷெட். தகரக் கூரை, வேப்ப மரம், மரத்தடியில் கட்டில். உள்ளே சீட்டெல்லாம் கழற்றிய நிலையில் 1966-ல் வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டே கதவு. முன்பக்கம் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் திறக்கும். முதலை வாயைப் பிளந்த மாதிரி!

"ஹெரால்டு ஃபேமிலி கார் ஆச்சே, இதில் என்ன ஸ்போர்ட்ஸ்?" என்று சிலர் கேட்கலாம். அதன் வம்சாவளியைக் கேளுங்கள். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி ஹெரால்டை இறக்கியது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிச்செலோட்டி. அவரே வரைந்து, இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி 1962-ல் வந்ததுதான் 'ஸ்பிட்ஃபயர்' என்கிற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, இது ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். நம் ஊரில் 1961 முதல் சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்தார்கள். சோழவரம் ரேஸில் இளவட்டங்கள் ஹெரால்டை விரட்டி ஓட்டிய காலம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய காரை இறக்கிப் பார்த்தது. வண்டி போணியாகவில்லை. கம்பெனியும் கொஞ்ச காலத்தில் படுத்துவிட்டது. இன்றைக்கு ஷோரூமுக்குப் போய் "ஹெரால்டுக்கு ஒரு ஃப்ளோர் கொடுங்க" என்று கேட்க முடியாது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

டிங்கர் அண்ணன் எங்களை உட்கார வைத்தார். இடது பக்கம் கிடந்த மேட்டைத் தூக்கினார். ரப்பர் மேட்டுக்குக் கீழே தேங்காய் நார் மேட். அதற்குக் கீழே... இன்னொரு தரை! லாரி படிக்கட்டில் போடுவார்களே, புடைப்புப் புடைப்பாக செக்கர்டு பிளேட், அதை ரிவிட் அடித்து, ஓரமெல்லாம் தார் பூசியிருந்தது. எப்போதோ ஒரு காலத்தில் யாரோ செய்த 'ரிப்பேர்'. அதை நெம்பி எடுத்தார். கீழே அசல் தரை. விரலை வைத்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஓட்டை வழியாக ஷெட்டின் மண் தரை தெரிந்தது.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே... "காஞ்ச ஊர்லயே நின்ன வண்டிதானுங்ணா, எப்பிடித் துரு புடிச்சுது?"

துரு எங்கிருந்து வருகிறது?

அண்ணன் சொன்னதைக் கேட்டால் நீங்களும் ஆச்சரியப்படுவீர்கள். தரையைத் தின்பது மேலே விழுகிற மழை இல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம்!

"மழை பேஞ்சாக் காஞ்சு போயிருங் தம்பி. முன் கண்ணாடி ரப்பர் வெடிச்சுப் போச்சுன்னா, ஒரு சொட்டு ரெண்டு சொட்டுன்னு உள்ளார எறங்கும். இந்த நார் மேட்டு அத்தனையும் குடிச்சு வெச்சுக்கும். வெளிய வெயில் கொளுத்தும். அடியில வருஷக்கணக்கா ஈரம் இருக்கும். அப்புறமேலுக்கு இந்த மகராசன் மேல ஒரு பிளேட்டு வெச்சுத் தாரு பூசிட்டான். காத்துப் போக வழியில்ல. நாலு வருஷத்துல போக வேண்டியது ரெண்டு வருஷத்துலயே போச்சு."

டிரைவர் பக்கம் வேறு எதிரி. ஹெரால்டில் பிரேக், கிளட்ச் ஆயில் டப்பாக்கள் டிரைவருக்கு நேர் முன்னால், இன்ஜின் ரூம் சுவரில் இருக்கின்றன. வாஷர் தேய்ந்தால் பெடல் வழியாக ஆயில் கசிந்து காலடியில் சொட்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைத்துவிடும். பெயின்ட் போனால் தகரம் அம்மணம். அப்புறம் என்ன?

நல்லவேளையாக, இந்த வண்டியில் டிரைவர் பக்கம் மேல் துரு மட்டும்தான். தேய்த்தால் கெட்டித் தகரம் வந்தது. ஆக்சிலேட்டருக்குக் கீழே ஓர் இடத்தில் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, லேசாகக் குழிந்திருந்தது. அப்பாருவின் குதிகால் உட்கார்ந்த இடம்.

மாத்தலாமா, கூடாதா?

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. பையனுக்கு எதையும் மாற்றக் கூடாது. "எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டா அது எங்க அப்பாரு வண்டி எப்பிடிங்ணா ஆகும்? பேட்ச் மட்டும் போடுங்." அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. சீட் ரெயிலின் போல்ட் இறங்குகிற இடத்தைக் காட்டினார். நாலில் ரெண்டு ஓட்டை, துருப்பிடித்த தகரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "அறுவதுல போயி பிரேக் அடிச்சா சீட்டோட பறந்து கண்ணாடியில முட்டுவாங்க. பக்கத்து சீட்டுல யாரைக் கூட்டிட்டுப் போவே? உங்க அப்பத்தாளைத்தான?"

பையன் கப்சிப்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். எல்லாக் காருக்கும் தரை ஒரே வேலை செய்வதில்லை. ஹெரால்டில் கீழே தனி சேஸிஸ் இருக்கிறது. பாடியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டலாம். இன்ஜின், சக்கரம் எல்லாவற்றின் பாரமும் சேஸிஸ் மேல். ஆனால் தம்பி ஸ்பிட்ஃபயரில் சேஸிஸ் நடு முதுகெலும்பு மாதிரிதான். ஓரத்தில் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி மாதிரிப் பட்டி இருக்கிறதே, 'சில்' என்பார்கள், அதுதான் வண்டியை வளையாமல் பிடிக்கிறது. அம்பாசடரில் தனி சேஸிஸே கிடையாது. தரை, சில், தூண், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே கூடு. அதில் தரை போனால் எலும்பே போன மாதிரி. ஆக, மாற்றலாமா என்று கேட்பதற்கு முன்னால் "இந்தத் தகரம் என்ன தாங்குகிறது?" என்று கேட்க வேண்டும்.

மாற்றுவது என்றால் மூன்று வழி உண்டு. ஒன்று, அந்தக் காலத்திலேயே கம்பெனி செய்து எங்கோ குடோனில் தூங்குகிற அசல் பாகம். ஹெரால்டுக்கு அது குதிரைக் கொம்பு. இரண்டு, வெளிநாட்டில் இப்போது புதிதாக அடித்து விற்கிற மறுதயாரிப்பு. மூன்று, நம் டிங்கர் கையால் அடிப்பது.

இரண்டாவதில் ஒரு வேடிக்கை உண்டு. எம்.ஜி.பி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தி 1980-ல் நின்றது. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து அதே எம்.ஜி.பி-யின் முழுக் கூட்டையும் திரும்ப அடித்து விற்க ஆரம்பித்தது. அதே அச்சு, அதே வளைவு, புதுத் தகரம். இப்போது சொல்லுங்கள், அது அசலா, நகலா? கேன்டீனில் ஒரு மணி நேரம் ஓட்டலாம் இந்த விவாதத்தை!

வெள்ளகோவிலில் மூன்றாவது வழிதான். அதிலும் நல்லது கெட்டது உண்டு. கெட்ட வேலையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நல்ல வேலை எப்படி?

முதலில், வெட்டுவதற்கு முன்னால் கதவு இடைவெளியைச் சுற்றிலும் அளந்து எழுதினார். கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு பைப்பைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். இல்லாவிட்டால் வெட்டினதும் பாடி லேசாக அசைந்து, பிறகு கதவே சாத்தாது. தகரம் 20 கேஜ், அதாவது ஒரு மில்லி மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தடிமனாகப் போட்டால் நல்லதுதானே என்று நாம் நினைப்போம். பக்கத்துத் தகரம் மெலிசாக இருக்கும்போது இது மட்டும் தடியாக இருந்தால் பற்றவைப்பதும் சிரமம், ஒட்டுகிற இடத்தில் பாரம் போய் விரிசலும் விடும். ஜி.ஐ. ஷீட்டும் வேண்டாம் என்றார். பற்றவைக்கும்போது அந்தத் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல் கண்டுவிடும்.

அசல் தரையில் நீளமாக வரி வரியாக மேடு ஓடும், கவனித்திருக்கிறீர்களா? அழகுக்கு இல்லை. மடிப்பு இருந்தால்தான் மெல்லிய தகரம் விறைப்பாக நிற்கும். வெறும் தட்டையாகப் போட்டால் வண்டி ஓடும்போது தகர டப்பா மாதிரி டமடமவென்று அடிக்கும். அண்ணன் மரக்கட்டையில் வரி செதுக்கி, அதன் மேல் தகரத்தை வைத்து, சுத்தியலால் ஒவ்வொரு வரியாக இறக்கினார். தண்ணீர் வடிகிற ஓட்டையையும் பழைய இடத்திலேயே வைத்தார். அதற்கு ரப்பர் மூடியும் போட்டார். இரண்டு நாள் வேலை.

தேரும் பாவும்

மத்தியானம் வேப்ப மரத்தடியில் சாப்பாடு. பையன் மறுபடியும் ஆரம்பித்தான்: "என்ன இருந்தாலும் அசல் போச்சே..."

அண்ணன் கேட்டார். "நம்மூரு வீரக்குமாரசாமி கோயில் தேரு மகா சிவராத்திரிக்கு ஓடுதா இல்லையா? தேருன்னா ஒரு மரம் உளுத்தா அதை மாத்துவாங்க. அதுக்குன்னு 'இது பழைய தேர் இல்ல, நான் வடம் புடிக்க மாட்டேன்'னு யாராச்சும் சொல்றாங்களா?"

எனக்குச் சட்டென்று பிடித்தது. தமிழ்நாட்டில் திருவாரூர் மாதிரிப் பெரிய பெரிய தேர்களிலேயே மரச் சக்கரம் போய், திருச்சி பெல் தொழிற்சாலை செய்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தாச்சு. பாரம் தாங்குகிறதை மாற்றிவிட்டார்கள். ஆனால் சாமியும் குதிரையுமாகச் செதுக்கிய சிற்பத்தில் கைவைக்க யோசிப்பார்கள். ஏன்? சக்கரம் எடையைத் தாங்குகிறது. சிற்பம் கதையைத் தாங்குகிறது.

தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பழைய பாவு தீர்ந்ததும் அதன் கடைசி இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். தறி அதேதான், துணியும் தொடர்ந்து ஓடும். ஆனால் பிணைத்த இடம் எது என்று நெய்கிறவருக்குத் தெரியும்.

அதுதான் மூன்றாவது விஷயம். மாற்றியதை மறைக்கக் கூடாது. பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான 'ஃபிவா' 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதைத்தான் சொல்கிறது. முடிந்தவரை அசலைக் காப்பாற்று, மாற்றினால் மாற்றிய பாகத்தில் அழியாமல் அடையாளம் வை. டூரின் பெயர் தாங்கிய சாசனமும் வெள்ளகோவில் தறியும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன பாருங்கள்!

நம் சட்டத்திலும் விஷயம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய கார், பைக் எல்லாம் 'வின்டேஜ்' ஆகப் பதிவு செய்யலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி காலேஜுக்கு ஓட்டிப் போக முடியாது, ஷோ, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். முக்கியமான கண்டிஷன்: வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடிக் கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதனால் உங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டி இருந்தால், கட்டரை எடுப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். அளவு எழுதுங்கள். அதே தடிமன், அதே வரி, அதே ஓட்டை என்று திரும்ப வைத்தது பழுது பார்த்த வேலை. செக்கர்டு பிளேட் அடித்தது உருமாற்றம். பார்க்க வருகிற அதிகாரிக்குக் காட்ட உங்கள் கையில் ஆதாரம் இருக்கட்டும்.

நீங்கள் வாங்கப் போனால்...

அண்ணன் கொடுத்த டிப்ஸ், இலவசமாக உங்களுக்கு:

1. மேட், கார்ப்பெட் எல்லாவற்றையும் தூக்கச் சொல்லுங்கள். "ஒட்டியிருக்கு, வராது" என்று சொன்னால் உஷார்!

2. பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது.

3. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் 'ணங்' என்னும். உளுத்தது 'தொப்' என்னும்.

4. சீட் போல்ட், சில் ஓரம், பெடலுக்குக் கீழே. இந்த மூன்று இடத்தையும் அடியில் படுத்தும் பாருங்கள். பேன்ட் அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

5. தரையைச் சரி செய்வதற்கு முன்னால் கண்ணாடி ரப்பரை மாற்றுங்கள். ஒழுகலை விட்டுவிட்டுத் தரையை மட்டும் மாற்றினால் காசைத் துருவுக்குத் தீனி போட்ட மாதிரி.

6. நார் மேட்டை நேராகத் தகரத்தின் மேல் போடாதீர்கள். எந்த மேட்டாக இருந்தாலும் மழைக்காலத்தில் தூக்கி வெயிலில் காயப் போடுங்கள். கொப்பரைக்குச் செய்கிறதைக் காருக்கும் செய்யலாமே!

கடைசியில் என்ன ஆச்சு?

இடது பக்கம் புதுத் தகரம். வலது பக்கம் துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அசலை அப்படியே விட்டாச்சு. அப்பாருவின் குதிகால் குழி பத்திரமாக இருக்கிறது. புதுத் தகரத்தின் அடிப்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், அண்ணன் வருஷத்தை நம்பர் பஞ்ச்சால் அடித்தார். வெட்டி எடுத்த பழைய துண்டில் கொஞ்சம் கெட்டியாக இருந்ததைப் பையன் பேப்பரில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனான்.

சாயங்காலம் அப்பத்தா வந்தார். சுங்கடிச் சேலை, கையில் டார்ச். குனிந்து ரெண்டு பக்கமும் பார்த்தார். பையன் பயந்து பயந்து சொன்னான்: "அப்பாரு பக்கம் அப்பிடியே இருக்குதுங் அப்பத்தா. இந்தப் பக்கந்தான் மாத்த வேண்டியதாப் போச்சு."

"என்ர பக்கமா?" என்றார் அப்பத்தா. "நல்லதாப் போச்சு சாமி! அந்த ஓட்டையில சேறு தெறிச்சுத் தெறிச்சு என்ர சீலையெல்லாம் நாசமாப் போச்சு. உங்கப்பாருகிட்ட எத்தனை வருஷமாச் சொன்னேன், மாத்துங்க மாத்துங்கன்னு. அந்த மனுசன் மேல ஒரு பிளேட்டை அடிச்சு வெச்சாரு!"

ஷெட்டே சிரித்தது. 'மகராசன்' யார் என்று தெரிந்த டிங்கர் அண்ணன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி வெல்டிங் மிஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பையன் கையிலிருந்த செக்கர்டு பிளேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பழைய இரும்புக் கடைக்குப் போட எடுத்து வைத்தது அது. அதையும் பேப்பரில் சுற்றினான்.

அடுத்த முறை கரூர் பஸ் வெள்ளகோவிலில் நிற்கும்போது டீயோடு திரும்பிவிடாதீர்கள். இறங்கி ரெண்டு தெரு நடந்து பாருங்கள். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு பழைய வண்டி நிற்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டைத் தூக்கிப் பாருங்கள். துரு இருந்தால் இப்போதே தெரிவது நல்லது. குதிகால் தடம் இருந்தால், அது யாருடையது என்று பாட்டியிடம் கேட்டு வையுங்கள்.